அண்ணனுக்கு ஊற்றிய மஞ்சள் தண்ணீர்

சந்தோஷ்குமாருக்குப் பெண் தேடியே ஆறு வருஷம் ஓடிப்போயிருந்தது. ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் இரண்டரை ஏக்கர் பூமி, பாதி கரும்பு, பாதி மஞ்சள். ஒரே பையன், பீடி சிகரெட் கிடையாது, கோபம் வந்தால்கூடச் சத்தம் போடத் தெரியாது. இருந்து என்ன? போர் போடும் ரிக் வண்டியோடு வருஷத்தில் எட்டு மாதம் மத்தியப் பிரதேசத்தில் சுற்றுகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? வீடு பார்க்க வந்தவர்கள் எல்லாரும் காப்பியைக் குடித்துவிட்டு, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை ஏதும் கிடைக்காதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். முப்பத்தொரு வயதுக்காரனிடம் கேட்கிற கேள்வியா அது?

"அண்ணா, பேசாம அந்த ரிக் வண்டியவே கட்டிக்க. அதுதான் உன்னைய உட்டுட்டுப் போகாது" என்று தங்கை நர்மதா கேலி செய்வாள்.

"அதுக்கும் ஓனரு ஒத்துக்கோணுமே சாமி" என்று அவனும் சிரிப்பான்.

கடைசியில் பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த ஒரு குடும்பம் சரி என்றது. தை மாதம் கல்யாணம். நர்மதாவுக்குத் தலைகால் புரியவில்லை. கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளுக்கு இணைச்சீர் என்று ஓர் உரிமை உண்டு. அவள் அண்ணன் பக்கத்தில் நின்று அந்தச் சீரைச் செய்த பிறகுதான் அவன் மணவறைக்குப் போவான். அதற்கென்றே அரக்குச் சிவப்பில் ஒரு பட்டுச்சேலை எடுத்து, சேலத்தில் தான் தங்கியிருந்த விடுதி அலமாரியில் மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாள்.

கார்த்திகை மாதத்தில் ஒரு சாயங்காலம், கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பியவன், பின்விளக்கு இல்லாமல் ரோட்டில் நின்ற கரும்பு டிராக்டரில் மோதினான். ஒரு சிவப்பு விளக்கை மாட்டச் சோம்பல்பட்ட எவனோ ஒருவனால் எல்லாம் முடிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதே உயிர் இல்லை. உடம்பில் எங்கும் பெரிய காயமில்லை, தலையில்தான்.

நர்மதா போய்ச் சேர்ந்தபோது அப்பா வெங்கடாசலம் பிணவறை வாசலில் துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அழுது ஓய்ந்ததும், தான் என்ன வேலை பார்க்கிறோம் என்பது அவளுக்கு நினைவுக்கு வந்தது. சேலத்துக்கு வெளியே ஒரு சின்னத் திசு வங்கியில் மூன்று வருஷமாக வேலை. இறந்தவர்களின் இதயத்திலிருந்து எடுத்த வால்வுகளைச் சுத்தப்படுத்தி, இதயக் கோளாறோடு பிறந்த பிள்ளைகளுக்குப் பொருத்த அனுப்பும் இடம் அது. இப்படி வாசலில் உட்கார்ந்து அழுகிற குடும்பங்களிடம் கையெழுத்துக் கேட்பதை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். இன்றைக்கு அழுகிறவளும் அவள்தான், கேட்க வேண்டியவளும் அவள்தான்.

"அப்பா, உசுரு போனாலும் நெஞ்சுல இருக்கற வால்வு ஒரு நாளைக்குக் கெடாதுங்ப்பா. இன்னொரு புள்ளைக்கு வெக்கலாம்."

"என்ற பையனை இன்னும் கீறோணுமா சாமி?"

"எப்பிடியும் போஸ்ட்மார்ட்டம் பண்ணுவாங்கப்பா."

அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டார். பிறகு பேனாவுக்குக் கையை நீட்டினார். "நீ சொல்றீனு போடறேன். வீணாப் போயிரக்கூடாது. அது ஒண்ணுதான்."

"போகாதுங்ப்பா. நான் பாத்துக்கறேன்."

கல்யாணமாகாமல் இறந்த பிள்ளையை மஞ்சள் தண்ணீர் ஊற்றித்தான் அனுப்புவது அவர்கள் குடும்ப வழக்கம். நடக்காமல் போன கல்யாணத்துக்கான குளியல் அது. பெற்றவளும் உடன்பிறந்தவளும் ஊற்ற வேண்டும். ஆனால் தலை இருந்த நிலையில், துணியைப் பிரிக்கவே கூடாது, தண்ணீர் படக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லிக் கட்டி அனுப்பியிருந்தார்கள். அம்மா ராசாத்தி இடுப்பில் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு வந்து நின்றாள். முகமும் தெரியாத அந்த வெள்ளைப் பொட்டலத்தைப் பார்த்தாள். எங்கே ஊற்றுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. யாரோ அவள் கையைப் பிடித்துத் துணிமேல் இரண்டு சொட்டுத் தெளிக்க வைத்தார்கள். எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். குடம் நிறைய இருந்த தண்ணீரைக் கொட்ட மனமில்லாமல் மூன்று நாள் தட்டு போட்டு மூடி வைத்திருந்தாள்.

கருமாதி முடிந்தும் அவள் சாப்பிடவில்லை. கஞ்சித் தண்ணீர் இரண்டு வாய், அவ்வளவுதான். சுவர் பக்கம் திரும்பியே படுத்திருந்தாள். நர்மதா சேலத்துக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், அப்பாதான் பேச்சை எடுத்தார்.

"அந்த வால்வை என்ன சாமி பண்ணுவீங்க?"

"கழுவுவோமுங்ப்பா. அண்ணனோட செல்லு அதுல இருந்துதுன்னா, வாங்கிக்கற உடம்பு இது வேறொருத்தர்துன்னு சண்டைக்குப் போயிரும். அதனால செல்லு பூராத்தையும் கழுவி எடுத்துருவோம். வெறும் நாரு மட்டும் நிக்கும். ஆளுக காலி பண்ணிட்டுப் போன ஊடு மாதிரிங்ப்பா. செவுரும் கூரையும் அப்பிடியே இருக்கும். அந்தப் புள்ளையோட செல்லு வந்து குடியேறிக்கும். மத்த வால்வெல்லாம் வெச்ச அளவுலயே நிக்கும். இது குடியேறிருச்சுன்னா புள்ளையோட சேந்து வளரும்."

"அப்ப என்ற பையன் அதுல இருக்க மாட்டானா?"

நர்மதா மூன்று வருஷமாகத் தினம் செய்கிற வேலை, இப்படி ஒரு கேள்வி அதில் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

சுவர் பக்கம் படுத்திருந்த ராசாத்தி எழுந்து உட்கார்ந்தாள். "யாரு கழுவறது?"

"எங்க லேபுலதான்மா."

"கழுவியாச்சா?"

"இல்லம்மா. ரத்த டெஸ்டெல்லாம் முடியற வரைக்கும் உறைய வெச்சிருப்பாங்க. இப்பத்தான் வெளிய எடுப்பாங்க."

"அப்ப அவன் இன்னும் போகல." ராசாத்தியின் கண்ணில் பதினாறு நாளாக இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது. "நீ கழுவறதுக்கு முன்னால ஒருக்கா மஞ்சத்தண்ணி ஊத்தீரு சாமி. அவனுக்கு ஊத்தவே இல்லியே."

"அம்மா, அங்க அதெல்லாம் பண்ணக்கூடாது. கிருமி புகுந்துரும்."

ராசாத்தி மறுபடியும் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வாதாடியிருந்தால்கூட நர்மதா தாங்கியிருப்பாள்.

காலையில் அவள் எழுந்து வந்தபோது அம்மிச் சத்தம் கேட்டது. தங்கள் மஞ்சள் காட்டிலிருந்து பச்சைக் கிழங்கு தோண்டி வந்து, அரைத்து, காவிரித் தண்ணீரில் கரைத்து, துணியில் வடித்து, கழுவிக் காயவைத்த டானிக் பாட்டில் ஒன்றில் ஊற்றி வைத்திருந்தாள் ராசாத்தி. அதை மகளின் பைக்குள் வைத்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே, தட்டில் இரண்டு இட்லியை எடுத்துப் போட்டுக்கொண்டு மகளுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

"ஊத்தீருவீல்ல?"

பதினாறு நாளில் பாதி ஆளாகிவிட்ட அம்மா இட்லி தின்பதைப் பார்த்துக்கொண்டே நர்மதா சொன்னாள்: "சரிம்மா."

திசு வங்கியின் தலைமை டாக்டர் தெய்வநாயகி அவளைப் பார்த்ததும் எழுந்து வந்து தோளைத் தொட்டார். கறாரான மனுஷி, விதி என்றால் விதி. "உங்கண்ணனோட வால்வு இருக்கற பெட்டியைக் கௌதமன் பாத்துப்பான். நீ அந்த அறைக்குள்ளயே போக வேண்டாம். சொந்தக்காரங்களோட திசுவை நாம தொடறதில்லை, உனக்கே தெரியும்."

"மேடம், எங்கண்ணனுக்குத் தண்ணி ஊத்தக்கூட முடியலைங்க. இதையாவது நானே கழுவறேங்க."

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். மூன்று வருஷத்தில் அவர் ஒரு விதியைத் தளர்த்தி யாரும் பார்த்ததில்லை. "கண் கலங்கினா உடனே வெளிய வந்துடணும். கை நடுங்கினா வெளிய வந்துடணும்."

"வந்தர்றேங்க மேடம்."

"பதினோரு வயசுப் பொண்ணு ஒண்ணு காத்திருக்கு. இருபத்திரண்டு மில்லிமீட்டர் கேட்டிருக்காங்க, உங்கண்ணனோடது கச்சிதமா அதே அளவு. அடுத்த மாசம் பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன்."

பெயர் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள். பதினோரு வயது, இருபத்தொன்பது கிலோ, இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் வழி பிறவியிலேயே குறுகல். படிவத்தில் இருந்தது அவ்வளவுதான். மாடிப்படி ஏறினால் உதடு நீலமாகிவிடும் பெண் என்று நர்மதா தானே கற்பனை செய்துகொண்டாள்.

கிளீன் ரூமுக்குள் அவள் மட்டும். உறையைப் பிரித்து உருக வைத்த வால்வைத் தட்டில் எடுத்தாள். இளஞ்சிவப்பாக, விரல் நீளத்துக்கு ஒரு குழாய். அதற்குள் ஈரத் தாள் போல மூன்று மெல்லிய இதழ்கள். முப்பத்தொரு வருஷம் ராத்திரி பகலாகத் திறந்து மூடியவை. மத்தியப் பிரதேசத்து வெயிலில் போர்க்குழாய் தூக்கியபோதும், வேலூர்ப் பெண் சரி என்றாள் என்று போன் வந்தபோதும் ஓடியவை. அண்ணா, என்றாள் முகமூடிக்குள்.

அவள் முட்டாள் இல்லை. பாட்டிலை அப்படியே கவிழ்க்க மாட்டாள். அம்மா கொடுத்த தண்ணீரைப் பெரிய சிரிஞ்சில் இழுத்து, கிருமிகூட நுழைய முடியாத நுண்வடிகட்டி வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்கினாள். கசடெல்லாம் நின்றுபோய், வெளிறிய மஞ்சளில் தெளிந்த நீர் வந்தது. இதில் எந்தக் கிருமியும் இல்லை என்று எந்த நீதிமன்றத்திலும் சத்தியம் செய்வாள். முதல் சோப்புக் கரைசலில் வால்வை இறக்கிவிட்டு, சிரிஞ்சைச் சாய்த்து மூன்று முறை ஊற்றினாள். ஒன்று அம்மாவுக்காக, ஒன்று அப்பாவுக்காக, ஒன்று தனக்காக. ஊற்றும்போது கை நடுங்கவில்லை, கண்ணும் கலங்கவில்லை. டாக்டர் சொன்ன இரண்டு விதியையும் காப்பாற்றினாள்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய்தாள். "ஊத்தீட்டேன்மா. அடுத்த மாசம் பன்னண்டாந் தேதி ஒரு புள்ளைக்கு வெக்கறாங்க." மறுமுனையில் ராசாத்தி அழுதாள், ஆனால் அது வேறு மாதிரி அழுகை. அன்று இரவு அவள் நன்றாகத் தூங்கினாள் என்று அப்பா சொன்னார்.

அடுத்துப் பத்து நாள். ஷேக்கரில் தட்டு ஓயாமல் ஆட, சோப்புக் கரைசலை மாற்றி மாற்றி ஊற்றினாள். பிறகு செல்களின் மிச்சத்தைக் கரைக்கும் என்சைம், பிறகு உப்பு நீரில் அலசல், மறுபடி அலசல். ஒவ்வொரு நாளும் வால்வில் இளஞ்சிவப்பு குறைந்தது. அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைசலில் இறங்கிப் போவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை பழைய கரைசலைக் கொட்டும்போதும் கடைசிச் சொட்டு வடியும்வரை நின்றாள். முடிவில் தட்டில் கிடந்தது வெள்ளை வெளேரென்று இருந்தது. இவ்வளவு சுத்தமாக ஒரு வால்வை இந்த லேபில் யாரும் கழுவியதில்லை என்று கூட வேலை பார்க்கும் கௌதமனே சொன்னான். ஆத்தூர்க்காரன், லேசில் பாராட்டமாட்டான்.

கடைசிச் சோதனை அவனுடையது. வால்வின் ஓரத்தில் ஒரு இழை வெட்டி, சாயமேற்றி, இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழ் பார்க்க வேண்டும். செல் ஏதும் மிச்சமிருந்தால் அந்த இடம் ஒளிரும். ஒன்றுமே தெரியாத கரும் இருட்டுதான் தேர்ச்சி.

"நர்மதா, கொஞ்சம் வா. இது என்னன்னு புரியல" என்று கூப்பிட்டான்.

அவள் குனிந்து பார்த்தாள். இருட்டே இல்லை. நாருக்கு நார் பச்சை கலந்த மஞ்சளாக ஜொலித்தது.

"செல்லு இருந்தா அங்கங்க புள்ளி புள்ளியாத்தானே தெரியும்? இது முழுசும் எரியுதே. இன்னொரு தடவை கழுவிப் பாக்கலாமா?"

நர்மதாவுக்குப் பார்த்த கணமே தெரிந்துவிட்டது. மஞ்சள் காட்டில் பிறந்தவள். அறுவடைக் காலத்தில் அப்பாவின் வேட்டியில் ஏறிய கறையை எந்தச் சோப்பாலும் எடுக்க முடியாது என்று விவரம் தெரிந்த நாளிலிருந்து அறிந்தவள். கிருமி, கிருமி என்று அதையே நினைத்தாளே தவிர, கறையை ஒரு கணம்கூட நினைக்கவில்லையே! வடிகட்டி கிருமியைத்தான் தடுக்கும், சாயத்தைத் தடுக்காது. வெறும் தண்ணீரில் அதிகம் கரையாத மஞ்சளைச் சோப்புக் கரைசல் வாரி எடுத்துக்கொண்டுபோய் ஒவ்வொரு நாரிலும் சேர்த்துவிட்டது. செல் போன இடமெல்லாம் அது குடியேறிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத அளவு, விளக்குக்குத் தெரிகிற அளவு.

அவள் நினைத்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். இன்னும் நாலு முறை கழுவச் சொல்லி, நார் நைந்து போனதும் இயந்திரத்தின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். நேராக டாக்டர் அறைக்குப் போனாள்.

தெய்வநாயகி கடைசி வரை கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மேடம், மஞ்சள்தானேங்க? தினம் சாப்பிடறதுதானேங்க? மத்த டெஸ்டெல்லாம் பாஸாயிருச்சுங்க. கிருமி இல்லீங்க."

"சாப்பிடறது வேற. ஒரு குழந்தையோட நெஞ்சுக்குள்ள, ரத்தத்துல, வருஷக்கணக்கா அது என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. தெரியாத ஒண்ணுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

"அந்தப் பொண்ணுக்கு…"

"மாட்டுத் திசுவில செஞ்சது ஒண்ணு வச்சு ஆபரேஷன் பண்ணுவாங்க. பொழச்சுக்கும். ஆனா அது வளராது. அஞ்சு வருஷமோ ஆறு வருஷமோ, மறுபடி நெஞ்சைத் திறக்கணும்." டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "தப்பு என்னோடது. உன்னை உள்ளே விட்டிருக்கக் கூடாது."

அந்த ஒரு வாக்கியத்தில் நர்மதா உடைந்து போனாள். கண் கலங்கினால் வெளியே வந்துவிட வேண்டும் என்று சொன்னவர் எதிரிலேயே, வெளியே போக வழி தெரியாமல் நின்று அழுதாள்.

கழிக்கப்பட்ட திசுவை எரிக்க அனுப்ப வேண்டும். அதையும் அவளே கட்டினாள். வெள்ளை வெளேரென்று, ஒரு பழுதும் இல்லாமல், மூன்று இதழும் முழுசாக இருந்தது. இருபத்திரண்டு மில்லிமீட்டர். உறையின் மேல் காரணம் எழுதும் இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவை வைத்துக்கொண்டு நின்றாள். கௌதமன் மெதுவாகப் பேனாவை வாங்கி அவனே எழுதினான். மத்தியானம் கழிவு வண்டி வந்து எடுத்துப் போனது. அண்ணனை இரண்டாம் முறையும் பொட்டலமாகத்தான் அனுப்பினோம் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு அவள் கிளீன் ரூமுக்குள் போகவில்லை. முன்னறையில் படிவம் நிரப்பும் வேலைக்கு மாற்றினார்கள்.

வீட்டில் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் பஸ் ஏறினாள். ஒவ்வொரு வாரமும் அம்மா கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டாள். ஒரு வாரம் தலைக்கு எண்ணெய் வைத்திருந்தாள். இன்னொரு வாரம் பக்கத்துக் காட்டுக்காரியோடு வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். சண்டை போடுகிற அம்மாவைப் பார்த்து நர்மதா பஸ் நிறுத்தத்திலேயே நின்று அழுதாள்.

பன்னிரண்டாம் தேதி விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வரச் சொல்லியிருந்தாள் ராசாத்தி. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட அவள் பல்லில் படவில்லை. விளக்கை ஏற்றிவைத்துவிட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அப்பா காட்டுக்குப் போகவில்லை. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மகளின் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்குக் கௌதமன் ஆஸ்பத்திரியில் விசாரித்துச் செய்தி அனுப்பினான். நர்மதா அதை அப்படியே வாசித்தாள். "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. பாப்பா கண் முழிச்சிருச்சு." அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

ராசாத்தி இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டாள். "சாமி! ஓடறான்! என்ற பையன் ஓடறான்!"

அப்பா எழுந்து வந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்ட அன்று பேசிய அதே தணிந்த குரலில் கேட்டார்.

"வீணாப் போகலையே சாமி?"

அவர் கண்ணைப் பார்த்து நர்மதா சொன்னாள்: "இல்லீங்ப்பா."

"அந்தப் புள்ளையோட சேந்து வளருமில்ல?"

"வளருமுங்ப்பா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே வாசலுக்குப் போனார். போன மாதம் முழுக்க வளைந்திருந்த முதுகு நிமிர்ந்திருந்ததை அவள் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"நான் சொன்னேன்ல?" என்றாள் ராசாத்தி. அழுகையும் சிரிப்புமாக மகளின் கன்னத்தை வழித்தாள். "நீ கிருமி அது இதுன்னீயே. மஞ்சத்தண்ணி ஊத்துனதாலதான் அவன் மனசு ஆறிப் போயிருக்கான். அதனாலதான் அந்தப் புள்ளை பொழைச்சுது. நீ மட்டும் ஊத்தாம உட்டிருந்தீன்னா என்ன ஆயிருக்கும்?"

நர்மதா போனை அணைத்துப் பைக்குள் வைத்தாள்.

மறுநாள் காலை மறுபடியும் அம்மிச் சத்தம். நர்மதா பஸ்ஸுக்குக் கிளம்பியபோது ராசாத்தி ஈரக் கையோடு வந்தாள். கையில் டானிக் பாட்டில், கழுத்துவரை மஞ்சள் தண்ணீர்.

"உங்க லேபுக்கு எத்தனை புள்ளைக வருதோ. பெத்தவ ஒரு சொம்புத் தண்ணி ஊத்த முடியாம அனுப்புன புள்ளைக எத்தனை இருக்கோ. அதுகளுக்கும் ஆளுக்கு ரெண்டு சொட்டு ஊத்தீரு சாமி. உன்ற கையால ஊத்துனா நல்லபடியா முடியுது."

அந்தப் பெண்ணுக்குப் பதினாறு பதினேழு வயதாகும்போது மறுபடியும் நெஞ்சைத் திறப்பார்கள். அது இந்த வீட்டுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. அம்மாவின் விரல் இடுக்கெல்லாம் மஞ்சளேறியிருந்தது. நர்மதா பாட்டிலை வாங்கி, மூடி இறுகியிருக்கிறதா என்று பார்த்து, பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஊத்தறேன்மா" என்றாள்.